காற்றுவலி

சிங்கப்பூரில் எங்கள் அறுவை சிகிச்சை வார்டில் காலையில் முதலில் கேட்பது "சாப்பிட்டீங்களா" இல்லை, "காத்துப் போச்சா?" தேக்கா பக்கத்துப் பாட்டிகள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொள்வார்கள். மகன் எதிரில் நின்றால் பதிலே வராது. ஆனால் குடல் அடைப்போடு வந்தவருக்கு அதைவிட நல்ல சேதி கிடையாது.

முன்பே வயிற்றில் கத்தி பட்டவர்களுக்கு உள்ளே நார் போல ஒட்டுகள் வளர்ந்து குடலை மடக்கிப் பிடிக்கும். சிறுகுடல் அடைப்பில் பெரும்பாலும் அதுதான் காரணம். பட்டினி, டிரிப், மூக்கு வழியே ஒரு டியூப் என்று இரண்டு மூன்று நாள் பொறுத்தால் பலருக்குக் கத்தி இல்லாமலே வழி திறந்துவிடும். அப்படிப் பொறுத்துப் பழகியதுதான் ஒரு நைட் ஷிப்டில், நர்ஸான என்னை ஏமாற்றியது.

அந்த அக்காவுக்கு நாற்பது வயதிருக்கும். இரண்டு வருடம் முன்பு எடை குறைக்க இரைப்பை பைபாஸ் செய்து, ஐம்பது கிலோ இறங்கியவர். தொங்கும் தோலை எடுக்க பிளாஸ்டிக் சர்ஜனிடம் தேதிகூட வாங்கியிருந்தார். சாப்பிட்டதும் வயிற்றை முறுக்குகிறது என்று வந்து சேர்ந்தார். வாந்தி இல்லை. அழுத்தினால் வயிறு பஞ்சு மாதிரி. எக்ஸ்ரேயிலும் பெரிதாக ஒன்றுமில்லை.

"வெறும் காத்துதான் மிஸ்ஸி, வீட்டுல இருந்தா ஓமத்தண்ணி குடிச்சிருப்பேன்" என்றார். நானும் எழுதியிருந்த வலி மருந்தை ஏற்றிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். ஒரு மணி நேரம் கழித்து வந்தால், கட்டிலில் முட்டி போட்டுக் குனிந்து தலையணையைக் கடித்துக்கொண்டிருக்கிறார். நாடி 118. வயிறு அப்போதும் மெத்தென்றுதான் இருந்தது. வயிறு இவ்வளவு சாதுவாக இருக்க, வலி மட்டும் ஏன் இப்படி என்று முதலிலேயே யோசித்து டாக்டருக்கு போன் அடித்திருக்க வேண்டும்.

சி.டி. ஸ்கேனில் குடலுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருண்டு கிடந்தன. பைபாஸில் குடலை வெட்டி வேறு இடத்தில் இணைக்கும்போது, அதைத் தாங்கும் சவ்வுகளுக்கிடையே சந்துகள் விழும். ஆள் மெலிய மெலிய அங்கிருக்கும் கொழுப்பும் கரைந்து, சந்து அகலும். குடல் அதற்குள் நழுவி முறுக்கிக்கொள்ளும். இளைத்ததே வினை. இதில் காற்றுக்காகக் காத்திருக்கவே கூடாது. ரத்த ஓட்டம் நின்றால் சில மணி நேரத்தில் குடல் அழுகிவிடும்.

விடிவதற்குள் லேப்ராஸ்கோப்பி, சிறு துளைகள் வழியே செய்யும் அறுவை. சிறுகுடல் முடியும் இடத்தில் தொடங்கிப் பின்னோக்கி, பிடி பிடியாகக் குடலைச் சந்திலிருந்து வெளியே இழுத்தார்களாம். நீலம் பாரித்திருந்தது கொஞ்ச நேரத்தில் நிறம் திரும்ப, வெட்டாமலே தப்பியது. சந்துகளைக் கரையாத நூலால் தைத்தார்கள்.

அடுத்த வருடம் தோலை எடுக்க வந்தார். அழகுக்காக என்றால் மருத்துவச் சேமிப்புக் கணக்கான மெடிசேவில் கை வைக்க முடியாது. "காசு கொடுத்து வெட்டிக்கணுமா?" என்று அவர் அம்மா முணுமுணுத்தார். நம்மூர் வெக்கையில் மடிப்புக்குள் வியர்வை ஊறி வருடக்கணக்காகப் புண்ணாகிக் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். அது வெறும் அழகு விஷயம் என்று எனக்குத் தோன்றவில்லை.

இடுப்பின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை தையல், இரண்டு பக்கமும் கசிவு வடிய டிரெயின் குழாய். கூன் போட்டு நடந்து வந்தவரிடம், பழக்க தோஷத்தில், "காத்துப் போச்சாக்கா?" என்றேன்.

"சிரிக்க வைக்காதீங்க மிஸ்ஸி, தையல் இழுக்குது."