மணி அடித்தால் முதலிலிருந்து

நம் தமிழ் டீச்சர் காலமான செய்தி வந்த அன்று, நான் இருக்கும் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் நல்ல குளிர். தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்து நம் சேட்ஸ்வொர்த்தில் அது ஆடி மாதத்துக் கஞ்சி ஞாயிறு. தங்கை வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். கோயிலுக்குப் பின்னால் நம் தகரக் கொட்டகை, உள்ளே அதே மேசை, மேசைமேல் அந்தப் பித்தளை மணி. பக்கத்தில் யாரோ ஒரு சாமந்திப் பூ வைத்திருந்தார்கள்.

டீச்சர் நினைவு மலருக்கு எழுதும்படி சங்கத்து அக்கா கேட்டார். சனிக்கிழமை இரண்டு மணி வகுப்பு, சிலேட்டுத் துடைக்கும் ஈரத் துணி, எஸ்டெட்போட் கலைப் போட்டி நெருங்கும் நாட்களில் நம் அம்மாமார் வாசலில் காத்துக் கிடந்தது, இதெல்லாம் உங்களில் யாராவது எழுதிவிடுவீர்கள். நான் மணியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அதே மணியை நான் ஒரு தடவை ஜெர்மனியில் கேட்டேன்.

1999-ஆம் வருடம். எனக்கு 20 வயது. டிரெஸாஜ் என்ற குதிரைச் சவாரிக் கலையில் என் முதல் வெளிநாட்டுப் போட்டி.

குதிரை என்றால் நம் ஊரில் கிரேவில் மைதானமும் ஜூலைப் பந்தயமும்தான் நினைவுக்கு வரும். டிரெஸாஜில் யாரும் யாரையும் முந்துவதில்லை. 60 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம் உள்ள களத்துக்குள் ஒரு குதிரையும் ஒரு ஆளும் மட்டும் நுழைவார்கள். முன்கூட்டியே எழுதிவைத்த அசைவுகளை வரிசை மாறாமல் செய்து காட்ட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நடுவர்கள் 0 முதல் 10 வரை மதிப்பெண் போடுவார்கள். குதிரைக்கு நாம் சொல்வது பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியக் கூடாது. சர்வதேசப் போட்டியில் பக்கத்தில் நின்று யாரும் வாசித்துச் சொல்லவும் முடியாது. முழுவதும் மனப்பாடம்.

மனப்பாடம் நமக்குப் புதிதா என்ன?

அப்பா ஷாங்வேனிப் பக்கத்து லாயங்களுக்குத் தீவன லாரி ஓட்டினார். எங்கள் தாத்தா, டர்பன் கார்ப்பரேஷனின் இந்தியத் தொழிலாளர்கள் மேகசின் பேரக்ஸ் குடியிருப்பில் இருந்த காலத்தில், கார்ப்பரேஷன் குதிரைகளைப் பார்த்துக்கொண்டவர். 11 வயதிலிருந்து சனிக்கிழமை காலைகளில் நான் அப்பாவோடு போய் லாயம் கூட்டுவேன். அதற்குக் கைம்மாறாக அரைமணி நேரம் சவாரி. அங்கிருந்து நேராகத் தமிழ் வகுப்பு. என் மேல் வீசிய வாடையைக் கண்டு மற்றப் பிள்ளைகள் நகர்ந்து உட்கார்ந்தது உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். டீச்சர் ஒன்றும் சொல்ல மாட்டார். குழாயடியில் கால் கழுவச் சொல்லி, முன் வரிசையில் தன் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொள்வார். "இன்னிக்கு உன் குதிரை என்ன படிச்சுது?" என்று கேட்பார். என்ன கற்றுக்கொடுத்தேன் என்று அவர் கேட்டதே இல்லை. குதிரை என்ன படித்தது என்றுதான் கேட்பார்.

நடை, டிராட், கேன்டர் என்று மூன்று ஓட்டம் உண்டு என்றேன். நடையில் குளம்புச் சத்தம் நான்கு, டிராட்டில் இரண்டு, கேன்டரில் மூன்று. டீச்சர் உடனே மேசையில் விரலால் தட்டிப் பார்த்தார். அப்புறம் நாங்கள் காவடிக்குப் பாடும் சந்தப் பாட்டு ஒன்றை எடுத்து, "இது எதுல வருது சொல்லு" என்றார். அன்றைக்கு வகுப்பு முழுவதும் அதுதான். இன்றும் பெர்த்தில் பிள்ளைகளுக்குச் சவாரி சொல்லிக்கொடுக்கும்போது என் விரல் தொடையில் தானாகத் தட்டும்.

டீச்சருக்குச் சிறுவயதில் போலியோ வந்து இடது காலில் இரும்புத் தாங்கி போட்டிருந்தது நம் எல்லாருக்கும் தெரியும். ஒரு நாள் லாயத்தில் கேட்ட கதை ஒன்றை அவரிடம் சொன்னேன். ஒலிம்பிக் டிரெஸாஜில் 1952 வரை ராணுவ அதிகாரிகள் மட்டும்தான் கலந்துகொள்ளலாம். அந்த ஆண்டு ஹெல்சிங்கியில் முதன்முதலாகப் பெண்களையும் சேர்த்தார்கள். டென்மார்க்கிலிருந்து லிஸ் ஹார்டெல் என்ற பெண் வந்தார். போலியோவால் முழங்காலுக்குக் கீழே அவருக்கு அசைவில்லை. குதிரைமேல் ஏற்றவும் இறக்கவும் ஆள் வேண்டும். அவர் ஆண்களோடு போட்டியிட்டு வெள்ளிப் பதக்கம் வாங்கினார். மேடையேற அவருக்குக் கை கொடுத்தவர், தங்கம் வென்ற சுவீடன் நாட்டு செயின்ட் சீர். டீச்சர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அவளோட குதிரைக்கு அவ கால் தெரியாம எப்படிப் புரிஞ்சுது?" என்று கேட்டார். உடல் எடையாலும் முதுகாலும் சொன்னாராம் என்றேன். அடுத்த சனிக்கிழமை அந்தக் கதையை வகுப்பு முழுவதற்கும் என்னையே சொல்ல வைத்தார். நான் தமிழில் பேசிய முதல் நீளமான பேச்சு அது.

களத்தின் ஓரத்தில் எழுத்துகள் நட்டிருக்கும். அகர வரிசையில் அல்ல, தாறுமாறாக. எனக்கு நினைவில் நிற்கவில்லை. டீச்சர் சிலேட்டில் களத்தை வரையச் சொன்னார். பார்த்துவிட்டு, "இது பிராகாரம்தானே" என்றார். நுழையும் ஏ கொடிமரம். எதிரே நடுவர் உட்காரும் சி மூலவர். அங்கிருந்து வலம் வந்தால் எம், ஆர், பி, பி, எஃப். தமிழில் எழுதும்போது இரண்டு பி-யும் ஒன்றாகிவிட, டீச்சர் அவற்றுக்கு முன் பி, பின் பி என்று பேர் வைத்தார். கொடிமரத்தைத் தாண்டி கே, வி, ஈ, எஸ், எச். மறுபடி மூலவர். ஒரே நாளில் மனதில் ஏறிவிட்டது.

வகுப்பு விதியும் உங்களுக்குத் தெரியும். மணி அடித்தால் முதலிலிருந்து. எட்டாம் பாட்டின் கடைசி அடியில் தடுக்கினாலும், "டிங்". காப்புச் செய்யுளிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஜெர்மனிக்கு நாங்கள் மட்டும்தான் போனோம், எங்கள் குதிரைகள் வரவில்லை. ஆப்பிரிக்கக் குதிரை நோய் என்று ஒன்று நம் நாட்டில் உண்டு. மிகச் சின்ன கடிபூச்சி பரப்புவது. அதனால் நம் குதிரைகளை வெளியே அனுப்புவது பெரிய பாடு. (2011-க்குப் பிறகு ஐரோப்பாவுக்கு நேராக அனுப்பவே வழியில்லாமல், மொரீஷியஸ் தீவில் மாதக்கணக்கில் தனியே வைத்திருந்து அனுப்பினார்கள்.) செலவோ எங்களுக்கு எட்டாதது. ஆகவே இரவல் குதிரை. எனக்குக் கிடைத்தது கருஞ்சிவப்பு நிறப் பெண்குதிரை. அவளுடைய ஜெர்மன் பேர் என் வாயில் நுழையவில்லை. கண்ணம்மா என்று கூப்பிட்டேன். இரண்டாம் நாளே காதைத் திருப்பினாள்.

வால் வைத்த கறுப்புக் கோட்டை வாங்க வசதியில்லை. துணி ஆலையில் வேலை பார்த்த அம்மா, ஒரு படத்தைப் பார்த்துத் தானே தைத்தார். இருபத்தைந்து வருடமாக மற்றவர்களுக்குச் சட்டைக் கை தைத்தவர் எனக்காகத் தைத்த ஒரே கோட்டு அது. தொப்பிக்கு உள்ளே நெற்றியில் திருநீறு. முந்தின நாள் மருத்துவர் முன்னால் குதிரையைப் பிடித்து ஓட்டிக் காட்டும் சோதனையில் கண்ணம்மா தேறினாள். அன்று இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருந்தது. எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் ஏ வழியாக நுழைந்தேன். நடுவில் நின்றேன். லகானை ஒரு கையில் எடுத்து, மறுகையைத் தொங்கவிட்டு, தலை குனிந்து வணங்கினேன். கண்ணம்மா நான்கு காலும் சதுரமாக நின்றாள். அந்த அசைவுக்கு நல்ல மதிப்பெண் வந்ததைப் பிற்பாடு தாளில் பார்த்தேன். டிராட்டில் எழும்பி, சி-யை நோக்கிப் போனோம். அங்கே இடப்பக்கம் திரும்ப வேண்டும். நூறு தடவை படித்திருக்கிறேன். ஆனால் எதிரே மூலவர் இருந்தார். நான் வலம் வந்தேன்.

மணி அடித்தது.

வெண்கல ஒலி, டீச்சருடைய மணியைவிடக் கொஞ்சம் கனம். அதைக் கேட்டதும் எனக்கு வேறு யோசனையே வரவில்லை. குதிரையைத் திருப்பிக்கொண்டு ஏ-யை நோக்கிப் போனேன், முதலிலிருந்து ஆரம்பிக்க. மறுபடியும் மணி. நான் இன்னும் வேகமாகப் போனேன். மூன்றாவது தடவை அடித்தபோது சி-யிலிருந்த நடுவர் அம்மா எழுந்து வெளியே வந்து கையைத் தூக்கினார். பார்வையாளர்களிடம் சத்தமே இல்லை. நான் எதிரில் போய் நின்றதும், மெதுவான ஆங்கிலத்தில், "முதலிலிருந்து வேண்டாம், விட்ட இடத்திலிருந்து, இங்கிருந்து இடப்பக்கம்" என்றார். முகம் எரிந்தது. கண்ணம்மாவின் பிடரிதான் தெரிந்தது, வேறெதுவும் தெரியவில்லை. விட்ட இடத்திலிருந்து தொடங்கினேன். கடைசி வரை தப்பில்லை. கேன்டரில் கால் மாற்றும் இடங்களில் அவள் என்னைக் காப்பாற்றினாள். நான் கடைசி இடம்.

லாயத்துக்கு வந்து அம்மாவின் கோட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, அவள் கழுத்தில் முகம் புதைத்து அழுதேன். எனக்காக அழவில்லை. சேட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு பிள்ளை அங்கே வரை போவதற்கு எத்தனை பேர் தோள் கொடுத்தார்கள்! நம் நாடே நிறவெறி ஆட்சியால் 1964-லிருந்து ஒலிம்பிக்குக்கு வெளியே நின்று, 1992-ல்தான் திரும்பப் போயிருந்தது. அதிலும் நம்மைப் போன்றவர்களுக்கு அந்த மைதானங்களின் வாசல் திறந்து சில வருடங்கள்தான். எல்லாரையும் தலைகுனிய வைத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

ஊர் திரும்பியதும் டீச்சரைப் பார்க்கப் போனேன். நடந்ததை நடந்தபடி சொன்னேன். ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் மணியை எடுத்து நாக்கைப் பிடித்தபடி உள்ளங்கையில் புரட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, "நான் சொல்லிக்கொடுத்ததைத்தானே செஞ்சே, கண்ணு" என்றார். அவ்வளவுதான். தேநீர் போட்டுக் கொடுத்தார்.

இரண்டு வாரம் கழித்துத் தங்கை வகுப்பிலிருந்து ஓடி வந்து, "அக்கா, டீச்சர் இப்ப மணி அடிச்சா விட்ட இடத்திலேருந்து சொல்லச் சொல்றாங்க" என்றாள். 1999-க்குப் பிறகு படித்தவர்களுக்குப் பழைய விதியே தெரியாது. முப்பது வருடத்துக்கு மேல் ஒரே மாதிரி நடத்திய வகுப்பை, 60 வயதில், ஒரு மாணவி பட்ட அவமானத்துக்காக மாற்றிக்கொண்டார். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவரும் சொல்லியிருக்க மாட்டார்.

2004-ல் பெர்த்துக்கு வந்தேன். குதிரை வேலை, நல்ல சம்பளம், பயமில்லாத தெரு. கிளம்புவதற்கு முந்தின சனிக்கிழமை, "சின்னப் பிள்ளைங்க வகுப்பை நீ எடுக்கறியா?" என்று டீச்சர் கேட்டார். டிக்கெட் வாங்கிவிட்டேன் என்று சொன்னேன். அவருக்குக் கால் முடியாமல் போன பிறகு சின்னப் பிள்ளைகள் வகுப்பை எடுக்க ஆள் இல்லை. என் மகனுக்குத் தமிழ் கேட்டால் புரியும், பேச வராது.

போன தைப்பூசத்தன்று போன் செய்தேன். குரல் மெலிந்திருந்தது. பின்னால் ஹடீடாப் பறவைகளின் கத்தல் கேட்டது. அந்தச் சத்தம் கேட்டு எத்தனை வருடம்! டீச்சர் குதிரைகளை விசாரித்தார். பிறகு அந்தக் காவடிப் பாட்டைச் சொல்லச் சொன்னார். இரண்டு வரி வந்தது. மூன்றாவது வரவில்லை. அவர் எடுத்துக் கொடுக்கவில்லை. காத்திருந்தார். பறவைகள் கத்தி ஓய்ந்து மறுபடி கத்தின.

"அடுத்த வாரம் படிச்சிட்டுக் கூப்பிடறேன், டீச்சர்" என்றேன்.

"சரி கண்ணு. விட்ட இடத்திலேருந்து சொல்லு."

அந்த வாரம் லாயத்தில் ஒரு குட்டி பிறந்தது. அப்புறம் பள்ளி விடுமுறை, அப்புறம் ஏதோ ஒன்று. மூன்றாவது வரி இப்போது எனக்கு நன்றாகத் தெரியும்.