பழைய டிப்ரஷன் மாத்திரைக்கு மாறினப்போ என்னெல்லாம் கணக்குப் பார்த்தேன்

எஸ்சிடலோப்ராம்ங்கிற டிப்ரஷன் மாத்திரையை ஒரு வருஷத்துக்கு மேல சாப்பிட்டேன், மொதல்ல நல்லாத்தான் கேட்டுச்சு, அப்புறம் டோஸ் ஏத்தியும் பழையபடியே ஆயிடுச்சு. செர்ட்ராலினுக்கு மாத்தினாங்க, அதுல வயித்தால போறது நிக்கவே இல்ல, மனசுலயும் பெருசா மாற்றம் இல்ல. விடியக்காலை மூணு மணிக்கே முழிப்பு வந்துடும், அப்புறம் தூக்கம் கிடையாது, சோறு எறங்காது, ப்ளவுஸ் எல்லாம் தொளதொளன்னு ஆயிடுச்சு. அந்த நிலைமையிலதான் டாக்டர் "டீச்சர், பழைய மருந்து ஒன்னு இருக்கு, கொஞ்சம் தொல்லை குடுக்கும், ஆனா உங்களுக்குக் கேக்கும்னு நினைக்கிறேன்"னு அமிட்ரிப்டிலின் பேரை எடுத்தாரு.

அந்தப் பேரைக் கேட்டதும் எனக்கு பெரியப்பா ஞாபகம்தான் வந்துச்சு. அவருக்கு சுகரால கால் எரிச்சல், அதுக்கு இதே மாத்திரையைத்தான் ஒரு இடத்துல எழுதிக் குடுத்திருந்தாங்க, ப்ராஸ்டேட் வீக்கம் இருக்கான்னு யாரும் கேக்கல, அவரும் சொல்லல, யூரின் சுத்தமா அடைச்சு ராத்திரியோட ராத்திரியா தூக்கிட்டு ஓடி ட்யூப் போட்டாங்க. அதனால வேணவே வேணாம்னு சொல்லிட்டு வந்துடலாம்னுதான் இருந்தேன். இன்னொரு பக்கம் எங்க நாத்தனார் மைக்ரேனுக்கு வருஷக்கணக்கா இதே மாத்திரையைப் போடுறாங்க, "எனக்கு ஒன்னுமே பண்ணலையே அண்ணி, நல்லாத் தூங்குறேன்"னு சொல்றாங்க. ஒரே மாத்திரை, ஒருத்தருக்கு ஆஸ்பத்திரி, ஒருத்தருக்கு நிம்மதியான தூக்கம், இதுல நான் எந்தப் பக்கம்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? இந்தப் பதிவு முழுக்க அதைத்தான் சொல்லப்போறேன்.

நாத்தனார் விஷயத்துக்கு விடை சுலபம். தலைவலிக்கும் நரம்பு வலிக்கும் 10, 25 மில்லிகிராம்னு சின்ன டோஸ்தான் குடுப்பாங்க, டிப்ரஷனுக்குன்னா 75லேர்ந்து 150 வரைக்கும் போகும். டோஸ் ஏற ஏற பக்கவிளைவும் ஏறும். அதனால பக்கத்து வீட்டுல யாரோ இந்த மாத்திரை சாப்பிடுறாங்கன்னா மொதல்ல எத்தனை மில்லிகிராம்னு கேளுங்க, அது தெரியாம அவங்க அனுபவத்தை வச்சு பயப்படவும் வேணாம், தைரியப்படவும் வேணாம்.

நான் சயின்ஸ் டீச்சர், எது எப்படி வேலை செய்யுதுன்னு புரிஞ்சாத்தான் எனக்கு மனசு ஒப்பும். டாக்டர் பொறுமையா சொன்னாரு. இந்தப் பழைய மருந்துக் குடும்பத்துல மொதல் மருந்து இமிப்ரமின், ஸ்விட்சர்லாந்துல ரோலண்ட் குன்னு ஒரு மனநல மருத்துவர் வேற ஒரு மனநோய்க்குன்னு குடுத்துப் பாத்தப்போ அதுக்கு உதவல, ஆனா மனச்சோர்வுல இருந்தவங்க தேறினதைக் கவனிச்சு 1957ல எழுதினாரு. அமிட்ரிப்டிலின் அதுக்கு அடுத்து 1961ல அமெரிக்காவுல வந்துச்சு. இந்த மருந்துங்க செரட்டோனின், நார்அட்ரினலின்னு நரம்புக்கு நரம்பு சேதி கடத்துற ரெண்டு ரசாயனத்தையும் மூளையில கூட்டும், அது நமக்கு வேணும். ஆனா அதோட நிக்காம ஹிஸ்டமின் ஏற்பியில (ஏற்பின்னா இந்த மாதிரி ரசாயனம் வந்து ஒட்டற இடம்) போய் உக்காரும், அதனால தூக்கமும் பசியும் எடையும். அசிட்டைல்கோலின் ஏற்பியை அடைக்கும், அதனால வாய் வறட்சி, மலச்சிக்கல், கண் மங்கல், யூரின் அடைப்பு. ரத்தக்குழாயை இறுக்கிப் பிடிக்கிற ஏற்பியையும் தடுக்கும், அதனால எழுந்தா தலைசுத்தல். இதய மின்னோட்டத்தையும் மெதுவாக்கும். புதுசா வந்த ஃப்ளூவாக்ஸெட்டின் வகையறா செரட்டோனினை மட்டும் குறிவெச்சு செஞ்சது, அதான் 1987க்கு அப்புறம் பழசெல்லாம் பின்னாடி போயிடுச்சு. கேக்காததால இல்ல, தாங்கறது கஷ்டம், அதிகமாப் போனா ஆபத்துங்கறதால.

கேக்குறதுல பழசு குறைஞ்சதில்லைன்னு நானும் படிச்சுப் பாத்தேன். 2018ல லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல 21 டிப்ரஷன் மருந்தை 522 ஆய்வு, 1,16,477 பேரை வச்சு ஒப்பிட்டு ஒரு பெரிய அலசல் வந்துச்சு, பலன்ல முன்னாடி நின்னது இந்த அமிட்ரிப்டிலின்தான். ஆனா மருந்துகளுக்குள்ள வித்தியாசம் ரொம்பப் பெருசில்ல, பக்கவிளைவுனால பாதியில விட்டவங்களும் இதுல ஜாஸ்தி. படிச்சப்புறம் எனக்குத் தோணினது, முன்னாடி நிக்கிற மருந்தா இருந்தாலும் என்னால சாப்பிட முடியலன்னா அது எனக்குப் பூஜ்யம்தான்.

அதனால ஒரு ரூல் நோட்டுல ரெண்டா பிரிச்சு எழுதினேன். ஒரு பக்கம் தொல்லை, இன்னொரு பக்கம் ஆபத்து. மாத்திரை டப்பாக்குள்ள வர்ற பேப்பர்ல வாய் வறட்சியும் இதயத் துடிப்புக் கோளாறும் ஒரே எழுத்துல ஒரே வரியில இருக்கும், படிக்கிறவங்களுக்கு எல்லாமே ஒரே மாதிரி பயமாத்தான் இருக்கும். வாய் வறட்சியைப் பொறுத்துக்கலாமா வேணாமான்னு நான் முடிவு பண்ணலாம். ஆபத்துன்னு எழுதினதுக்கு மட்டும் பேரமே கிடையாது, டெஸ்ட் பண்ணி தெளிவாயிட்டு வந்தாத்தான் மாத்திரையைத் தொடுறதுன்னு இருந்தேன்.

ஈசிஜி எடுத்தாங்க, நார்மல். சமீபத்துல ஹார்ட் அட்டாக் வந்தவங்களுக்கும், ஹார்ட் பிளாக் (ரத்தக்குழாய் அடைப்பு இல்ல, இதயத்துல மின்னோட்டம் தடைபடறது) உள்ளவங்களுக்கும் இதைக் குடுக்கறதில்லையாம். எங்க அப்பாவுக்குக் கண் நீர் அழுத்தம் உண்டு, அதைச் சொன்னதும் கண்ணைக் காட்டிட்டு வாங்கன்னு அனுப்பிட்டாரு, மதுரையில அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில போய்க் காட்டினேன், கோணம் குறுகின வகையா இருந்தா இந்த மாத்திரை கண்ணுல அழுத்தத்தைத் திடீர்னு ஏத்திடும், எனக்கு அப்படி இல்லைன்னு சொன்னாங்க. செர்ட்ராலினைக் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சாங்க. சில புது மருந்துங்க, முக்கியமா ஃப்ளூவாக்ஸெட்டினும் பராக்ஸெட்டினும், லிவர்ல பழைய மருந்தைக் கரைக்கிற என்சைமைத் தடுத்து ரத்தத்துல அதோட அளவை எக்கச்சக்கமா ஏத்திடும், அதனால பழைய சீட்டு எல்லாத்தையும் டாக்டர்கிட்ட காட்டறது ரொம்ப முக்கியம். எங்க அத்தை "எனக்கும்தான் தூக்கம் வரல, ஒன்னு குடேன்"னு கேட்டாங்க, அவங்களுக்கு எழுபது தாண்டிடுச்சு, அந்த வயசுல இது குழப்பத்தையும் கீழ விழுறதையும் கொண்டுவரும்னு டாக்டர் சொல்லியிருந்தாரு, கண்டிப்பா மாட்டேன்னுட்டேன்.

அப்புறம் இன்னொரு விஷயம், இதை எழுதறதுக்கு எனக்குக் கஷ்டமா இருக்கு, ஆனா எழுதியே ஆகணும். வாழணும்னே தோணாத நாளெல்லாம் எனக்கு இருந்துச்சு, அதை டாக்டர் நேரடியாவே கேட்டாரு, நானும் மறைக்கல. இந்த மாத்திரை அளவு தாண்டினா இதயத்தையே பாதிக்கும், புது மருந்துங்களைவிட இதுல அந்த அபாயம் ரொம்ப அதிகம். அதனால ஒரு தடவைக்கு ஒரு வாரத்துக்குத்தான் எழுதினாரு, வீட்டுக்காரரைக் கூப்பிட்டு "சார், மாத்திரை உங்க பொறுப்புல இருக்கட்டும்"னாரு. அவரு பீரோவுல பூட்டி வச்சுட்டு ராத்திரி எடுத்துக் குடுப்பாரு. மொத நாள் எனக்கு அழுகையே வந்துடுச்சு, அவரு "இங்க பாரு, உன்னை நம்பாம இல்லம்மா, அந்த நோயை நான் நம்பல"ன்னாரு. யாருக்காவது அந்த மாதிரி எண்ணம் வந்தா வீட்டுல ஒருத்தர்கிட்ட சொல்லுங்க, 14416ன்னு டெலி மானஸ்ங்கிற அரசாங்க மனநல உதவி நம்பர் இருக்கு, எப்ப வேணா கூப்பிடலாம், தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது.

ராத்திரி 25ல ஆரம்பிச்சேன். மொத நாளே தூக்கம் அடிச்சுப் போட்டுச்சு, எத்தனையோ மாசம் கழிச்சு விடியற வரைக்கும் தூங்கினேன். ஆனா காலையில தலை தூக்க முடியல, ரெண்டாவது பீரியட் வரைக்கும் பஞ்சுக்குள்ள நடக்கற மாதிரி. ஸ்கூட்டியை எடுக்கவே இல்ல, டவுன் பஸ்லதான் போனேன். மாத்திரை நேரத்தைப் பத்து மணியிலேர்ந்து எட்டு மணிக்கு மாத்தச் சொன்னாரு, அதுலயே பாதி சரியாச்சு.

வாய் வறட்சிதான் டீச்சர் வேலைக்குப் பெரிய எதிரி. ஒளிச்சேர்க்கை நடத்திக்கிட்டு இருக்கேன், பாதி வாக்கியத்துல நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்குது, பிள்ளைங்க "மிஸ் தண்ணி குடிங்க மிஸ்"னு பாட்டிலை எடுத்துக் குடுக்குறாங்க. எச்சில் குறைஞ்சா பல் சீக்கிரம் சொத்தையாகும், மிட்டாயைச் சப்பிக்கிட்டே இருந்தா இன்னும் வேகமாப் போகும்னு பல் டாக்டர் சொன்னாங்க, அதனால ஏலக்காயை வாயில அடக்கிக்கிட்டு அடிக்கடி ஒரு வாய் தண்ணி. மலச்சிக்கலுக்குக் கொய்யா, கீரை, சிறுமலை வாழைப்பழம், அதுக்கும் மசியலன்னா ராத்திரி இசப்கோல். காலையில குனிஞ்சு கோலம் போட்டுட்டு நிமிர்ந்தா கண்ணு இருட்டிக்கிட்டு வரும், கேட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னுடுவேன், அப்புறம் மொதல்ல குத்துக்கால்ல உக்காந்து, மூச்சு விட்டு, மெதுவா எழுந்திருக்கப் பழகிட்டேன். ஒரு தடவை சளி பிடிச்சப்போ மெடிக்கல் ஷாப்ல நான் சாப்பிடுற மாத்திரையோட பேரைச் சொன்னதும் அந்தத் தம்பி எடுத்த சளி மாத்திரையைத் திரும்ப வச்சுட்டு "இதுலயும் தூக்க மருந்து இருக்குக்கா, ரெண்டும் சேரக்கூடாது"ன்னு வெறும் பாராசிட்டமால் குடுத்தாரு, அவருக்கு நான் இன்னைக்கும் நன்றி சொல்றேன்.

இதுல ரொம்பக் கஷ்டமான காலம் மொத சில வாரம்தான். ஏன்னா பக்கவிளைவு மொத நாளே வந்துடும், மனசுக்குப் பலன் தெரிய ரெண்டு மூணு வாரம், சிலருக்கு அதுக்கும் மேல ஆகும். அந்த இடைவெளியில கணக்குப் போட்டா நஷ்டம் மட்டும்தான் தெரியும், லாபம்னு ஒன்னுமே இருக்காது, நிறையப் பேர் அங்கதான் நிறுத்திடறாங்க. நோட்டுல நான் மூணாவதா ஒரு பக்கம் சேர்த்தேன், இந்த நோய் அன்னைக்கு என்ன பண்ணுச்சுன்னு. சோறு சாப்பிட்டேனா, பொண்ணுகிட்ட பேசினேனா, குளிச்சேனா, எத்தனை மணிக்கு முழிச்சேன். பக்கவிளைவை மட்டும் எழுதி வச்சா மருந்து குற்றவாளி மாதிரிதான் தெரியும், நோய் பண்றதையும் பக்கத்துல எழுதினப்புறம்தான் எடை நேராச்சு. 75க்கு ஏத்தி கொஞ்ச நாள்ல ஒரு நாள் பொண்ணு "அம்மா, நீ இன்னைக்கு ரேடியோ கூடப் பாடிக்கிட்டே சமைச்ச"ன்னு சொன்னா. எனக்கே அது தெரியல.

இன்னொன்னும் அந்த நோட்டுலதான் தெரிஞ்சுது. தூக்கமும் பசியும் பக்கவிளைவுன்னுதான் பேப்பர்ல போட்டிருக்கு, எனக்கு அந்த ரெண்டும்தான் மொதல்ல தேவைப்பட்டுச்சு. அதிகமாத் தூங்கி அதிகமாச் சாப்பிடற மாதிரி டிப்ரஷன் உள்ளவங்களுக்கு இதே ரெண்டும் பாரமா ஆகியிருக்கும். ஆனா எனக்கும் அது ஒரு கட்டம் வரைக்கும்தான், எடை பழைய அளவைத் தாண்டி ஏறிக்கிட்டே போச்சு, காலை மந்தமும் முழுசா விடல, கோலத் தலைசுத்தலும் அங்கங்க வந்துச்சு. மனசு தேறினதுக்கு அப்புறம் அந்தத் தொல்லைக்கெல்லாம் மதிப்பு மாறிடுச்சு, படுத்த படுக்கையா இருந்தப்போ பொறுத்துக்கிட்டதை ஓடியாடி வேலை செய்யறப்போ பொறுக்க முடியல. அதை டாக்டர்கிட்ட சொன்னேன். அவரு நார்ட்ரிப்டிலினுக்கு மாத்தினாரு. அமிட்ரிப்டிலினை லிவர் உடைச்சு உண்டாக்கறதே இந்த நார்ட்ரிப்டிலின்தான், அதையே நேரா குடுத்தா தூக்கக் கலக்கமும் எழுந்தா தலைசுத்தறதும் குறைவு. எனக்கு அது ஒத்துக்கிச்சு. வாய் வறட்சி இருக்கு, ஆனா வகுப்பு நடத்த முடியுது. எடை ஏறறது நின்னுடுச்சு, ஏறினது இன்னும் எறங்கல.

இப்ப அதையேதான் சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன். நல்லாயிட்டோம்னு நாமளே நிறுத்தக்கூடாது, சட்டுனு விட்டா குமட்டல், தலைவலி, தூக்கமின்மை, பதட்டம்னு வரும், நோய் திரும்பிடுச்சோன்னு பயந்தும் போயிடுவோம். தேறினதுக்கு அப்புறமும் குறைஞ்சது ஆறு மாசமாவது தொடரணும், எனக்கு நோய் ஒரு தடவை திரும்பி வந்ததால இன்னும் கூட நாள்னு சொல்லியிருக்காரு. பீரோ சாவி இன்னும் வீட்டுக்காரர்கிட்டதான் இருக்கு, இருக்கட்டும். அடுத்த தடவை போறப்போ ஈசிஜி மறுபடி எடுக்கணும், பல்லைக் காட்டணும், எடைக்கு என்ன பண்ணலாம்னு கேக்கணும், மூணையும் நோட்டுல எழுதி வச்சிருக்கேன். இதே மாத்திரையை இப்பத்தான் ஆரம்பிச்சு நடுவுல தவிக்கிறவங்க யாராவது இருந்தா எந்த டோஸ், எத்தனாவது வாரம், எது தாங்க முடியலன்னு எழுதுங்க, எனக்குத் தெரிஞ்ச அளவுக்குச் சொல்றேன், டோஸை மாத்தறதை மட்டும் உங்க டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க.