புரோட்டான் எங்கே நிற்கிறது?

மெடுல்லோபிளாஸ்டோமா என்னும் சிறுமூளைக் கட்டி வந்த குழந்தைக்கு, அறுவைக்குப் பிறகு பெரும்பாலும் மூளை முழுவதற்கும் முதுகுத்தண்டின் அடிவரைக்கும் கதிர்வீச்சு கொடுக்கிறார்கள். இதை எக்ஸ் கதிராலும் கொடுக்கலாம்; அணுக்கருவிலுள்ள நேர்மின் துகளான புரோட்டானின் கற்றையாலும் கொடுக்கலாம். இரண்டுக்குமான சிகிச்சைத் திட்டங்களைக் கணினித் திரையில் அருகருகே வைத்தால் வேறுபாடு சட்டெனத் தெரியும். முன்னதில், கதிரின் அளவைக் காட்டும் நிறம் முதுகெலும்பைத் தாண்டி இதயத்திலும் குடலிலும் படர்ந்திருக்கும். பின்னதில் எலும்பின் முன்விளிம்போடு நின்றுவிடும். புரோட்டான் தன் ஆற்றலின் பெரும்பகுதியைப் பாதையின் கடைசியில் இறக்கிவிட்டு அங்கேயே ஓய்ந்துபோவதுதான் காரணம். இதை மருத்துவத்துக்குப் பயன்படுத்தலாம் என்று அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வில்சன் 1946-இலேயே எழுதிவிட்டார்.

நெடுங்காலம் அந்தப் படமே போதிய சான்றாகக் கருதப்பட்டது. நோயாளியின் பிற்கால வாழ்வில் என்ன மாறியது என்று கேட்பதே இன்றைய ஆய்வுகளின் போக்கு. என் பார்வையில் இது தாமதமாக வந்த கேள்வி. பாஸ்டனில் புரோட்டான் சிகிச்சை பெற்ற 59 மெடுல்லோபிளாஸ்டோமா நோயாளிகளைப் பற்றி 2016-இல் வெளியான ஆய்வில், இதயம், நுரையீரல், குடல் சார்ந்த பிற்காலப் பாதிப்பு எதுவும் காணப்படவில்லை. ஆயினும் நுண்ணறிவு அளவெண் ஆண்டுக்குச் சராசரியாக 1.5 புள்ளி குறைந்தது. மூளை முழுவதும் கதிர் பெறும்போது புரோட்டானாலும் அந்தச் சரிவை முற்றாகத் தடுக்க முடிவதில்லை.

பெரியவர்களுக்கு வரும் கிளியோபிளாஸ்டோமா என்னும் வேகமாக வளரும் மூளைக் கட்டியில் நிலைமை இன்னும் மங்கல். நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு கதிர்களுக்கும் பிரித்து ஹியூஸ்டனில் நடத்தி, 2021-இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில், புரோட்டான் பெற்றவர்களுக்குச் சோர்வு குறைவாக இருந்தது. அறிவாற்றல் சரிவு தள்ளிப்போகவில்லை. அந்நோயில் பலருக்கு ஆயுளே குறுகியது என்பதால், இந்த வினாவுக்கு அது பொருத்தமான களம்தானா என்ற ஐயம் எனக்கு உண்டு. ஐடிஹெச் (IDH) என்னும் மரபணுவில் மாற்றமுள்ள, மெதுவாக வளரும் கிளியோமா வகை மூளைக் கட்டிகளில் நோயாளிகள் பல்லாண்டுகள் வாழ்கிறார்கள். நினைவாற்றல் அவர்களுக்கு அன்றாடத் தேவை. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இரு கதிர்களையும் ஒப்பிடும் சோதனைகள் இத்தகைய கட்டிகளை நோக்கித் திரும்பியிருப்பது சரியான திசை.

இன்னொரு சிக்கல் அந்த 'நிற்கும் இடத்திலேயே' இருக்கிறது. புரோட்டானின் உயிரியல் விளைவு எக்ஸ் கதிரைப் போல 1.1 மடங்கு என்று எல்லா இடத்துக்கும் ஒரே எண்ணை வைத்துத்தான் அளவைக் கணக்கிடுகிறார்கள்; ஆனால் பாதை முடியும் இடத்தில் அந்த விளைவு கூடுகிறது. மூளையைத் தண்டுவடத்தோடு இணைக்கும் மூளைத்தண்டை ஒட்டிய கட்டி என்றால் சில மில்லிமீட்டர் பிசகும் திசு அழிவில் முடியலாம். ஆகவே கற்றைகள் யாவும் மூளைத்தண்டுக்குள் சென்று முடியாதபடி, வெவ்வேறு கோணங்களிலிருந்து அவற்றைச் செலுத்தித் திட்டமிடுகிறார்கள்.