குரூப் 4-க்கு ஏஐ வச்சு படிக்கிறவங்களுக்கு கொஞ்சம் அனுபவம்

டிஎன்பிஎஸ்சி குரூப் 4 எக்ஸாமுக்கு படிக்க ஏஐ யூஸ் பண்ணலாமான்னு நிறைய பேர் கேக்குறீங்க. தாராளமா பண்ணலாம், எந்த பகுதிக்குங்கறதுலதான் விஷயமே இருக்கு. 200 கேள்வியில 100 தமிழ், 75 பொது அறிவு, 25 கணக்கும் ரீசனிங்கும். நான் அதை நம்பி இறங்கினது அந்த 25-க்கு மட்டும்தான்.

ஏன்னா கணக்குல அது சொல்ற ஒவ்வொரு ஸ்டெப்பையும் நாமளே போட்டு சரிபாத்துடலாம். 8000 ரூபாய்க்கு 5 சதவீத வட்டியில 2 வருஷத்துல கூட்டுவட்டிக்கும் தனிவட்டிக்கும் வித்தியாசம் எவ்ளோ? ஃபார்முலா தெரிஞ்சா 20 ரூபாய்னு டக்குன்னு போட்டுடுவீங்க, ஆனா அந்த 20 எங்கிருந்து வருதுன்னு ஏஐகிட்ட கேளுங்க, முதல் வருஷ வட்டி 400, அந்த 400-க்கு ரெண்டாவது வருஷம் 5 சதவீதம், அவ்ளோதான்னு புரிய வைக்கும். இதே மாதிரி இன்னொன்னு கொடு, நான் விடை சொல்றவரைக்கும் நீ சொல்லாதன்னு சொல்லிட்டா எத்தனை வேணா போட்டுப் பழகலாம், சலிச்சுக்கவே செய்யாது.

தமிழ்ல கதையே வேற. 'வந்தான்' பகுபத உறுப்பு பிரிக்கச் சொன்னா சில நேரம் 'வந் + த் + ஆன்'னு கூசாம எழுதும். புக்கு முறைப்படி வா(வ) + த்(ந்) + த் + ஆன், முதல் த் சந்தி, அது ந் ஆனது விகாரம். குறள் எண்ணும் அப்படித்தான், தப்பா சொன்னாலும் அடிச்சு சொல்லும். அது புக்கைத் திறந்து பாத்து சொல்றதில்ல, அடுத்து எந்த வார்த்தை வரும்னு கணிச்சு எழுதுது, அதனால சரியோ தப்போ ஒரே தோரணைதான். "நிச்சயமா?"ன்னு திருப்பிக் கேட்டா சில நேரம் சரியான விடையைக்கூட மாத்திடும், அதனால அப்படி கேட்டு செக் பண்றதுல பிரயோஜனம் இல்ல. தமிழ்ல 150 மார்க்குக்கு 60 வரலன்னா மீதி பகுதியைத் திருத்தவே மாட்டாங்க, அங்க போய் ரிஸ்க் எடுக்காதீங்க.

வேணும்னா சமச்சீர் புக்குல ஒரு பாடத்தை அப்படியே போட்டு, இதுக்குள்ள இருந்து மட்டும் 10 கேள்வி எடுன்னு சொல்லுங்க, நல்லாவே எடுக்கும், விடையை அதே பக்கத்துல சரிபாத்துக்கலாம். நடப்பு நிகழ்வுக்கு பேப்பர்தான், அது படிச்சு வச்சிருக்கிறது பழைய தகவலா இருக்கலாம். ஆன்சர் கீக்கு அப்ஜெக்‌ஷன் போடும்போதும் புக் ஆதாரம்தான் கேப்பாங்க, ஏஐ ஸ்கிரீன்ஷாட் எடுபடாது.

அப்புறம் அப்ளிகேஷன்ல டவுட்டுன்னு ஆதார், ஹால் டிக்கெட் போட்டோவை எல்லாம் அதுல அப்லோட் பண்ணாதீங்க, கேள்வியை மட்டும் டைப் பண்ணாலே பதில் சொல்லும்.