பிசானத்துக்கு, அதான் திருநெல்வேலிப் பக்கம் ஐப்பசி மழையை ஒட்டி வர்ற நெல்லுப் பருவத்துக்கு, நாத்துப் பாவப் போறீங்களா?

விதையை உப்புத்தண்ணியில போட்டுப் பாக்காம பாவாதீங்க. 10 லிட்டர் தண்ணியில ஒண்ணரை கிலோ கல்லுப்பைக் கரைச்சு ஒரு கோழிமுட்டையை விடுங்க. முட்டை மேல வந்து பழைய நாலணாக் காசு அளவுக்கு ஓடு வெளிய தெரியணும், தெரியலன்னா இன்னும் கொஞ்சம் உப்பு. அதுல மிதக்கிற நெல்லு பூரா சண்டு, அதான் பதரு, அள்ளி எடுத்திருங்க. அடியில நிக்கிறதை ரெண்டு மூணு தடவை நல்ல தண்ணியில அலசணும். உப்பு ஒட்டியிருந்தா முளைப்பு கெட்டுப்போகும்.

குறுகிய கால ரகம்னா ஏக்கருக்கு 24 கிலோ, மத்திய கால ரகத்துக்கு 16 கிலோ போதும். ஒரு ஏக்கர் நடவுக்கு நாத்தங்கால் 8 சென்ட்.

அலசின விதையைச் சாக்குல போட்டு அரைச்சாக்காத்தான் கட்டணும், ஊறினா நெல்லு பெருக்கும். நெருக்கிக் கட்டினா நடுவுல சூடேறிப் புளிச்ச வாடை அடிக்கும், அந்த விதை தேறாது. ஒரு நாள் வாய்க்கால்ல ஊறட்டும், பிறகு வெளிய எடுத்து ஒரு நாள் வைக்கோல் மூடி முளைக்க மூட்டம் போடுங்க. இடையில கையை உள்ள விட்டுப் பாருங்க, சுட்டா தண்ணி தெளிங்க. வெள்ளையா முளை எட்டிப் பாத்ததும் பாவிடணும். வேர் நீண்டு பின்னிக்கிச்சுன்னா பிரிக்கும்போதே ஒடிஞ்சிரும், அண்ணாச்சி.

நாத்தங்கால்ல தொளி (உழுது கலக்கின சேறு) தெளிஞ்ச பிறகு சாயங்காலமா பாவி, மறுநாள் தண்ணியை வடிச்சிருங்க. ஐப்பசி மழைக்கு வடிகால் வாய் திறந்தே கிடக்கட்டும். பள்ளத்துல தண்ணி நின்னா அந்த இடம் மட்டும் சொட்டையா அழுகிக் கிடக்கும்.