ஒரு ஏக்கர் அம்பை 16: என் நோட்டுக் கணக்கு

இயற்கை விவசாயத்தில் செலவே கிடையாது என்று யாராவது மேடையில் பேசினால் எனக்குக் கோபம் வருகிறது. நான் செய்வது இயற்கை விவசாயம்தான், இனியும் அதைத்தான் செய்வேன். கோபமே அதனால்தான்.

வீரவநல்லூர்ப் பக்கம் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் எனக்கு ஒரு ஏக்கர். மேல்வரப்பை ஒட்டி, ரசாயன உரம் போடுகிற சித்தப்பாவின் ஏக்கர். 2024 பிசானப் பருவத்தில் இரண்டிலும் அம்பை 16 என்ற நெல் ரகத்தை நட்டோம். ஒரு வயலில் மாப்பிள்ளைச் சம்பாவும் இன்னொன்றில் புது ரகமும் போட்டுவிட்டு விளைச்சலை ஒப்பிடுவது எதற்கும் உதவாது. அதனால் ஒரே ரகம், ஒரே வாரத்தில் நடவு. உழவு, நடவு, அறுப்பு மிஷின் செலவெல்லாம் இருவருக்கும் ஒன்று. வித்தியாசம் வருவது உரத்திலும் களையிலும் பூச்சியிலும்தான்.

சித்தப்பாவுக்கு யூரியா இரண்டு மூட்டை 533 ரூபாய், டிஏபி ஒன்று 1,350, பொட்டாஷ் அரை மூட்டை 800, களைக்கொல்லி அடிகூலியோடு 1,000, பூச்சிமருந்து இரண்டு தடவை 2,600, கைக்களை ஒருமுறை 2,400. ஆக 8,683.

எனக்கு ஆட்டுக்கிடை (எருவுக்காக வயலில் ஆடு அடைப்பது) இரண்டு ராத்திரி 3,000, பசுந்தாள் உரத்துக்குக் கொழிஞ்சி விதை 600, வேப்பம் புண்ணாக்கு 1,600, ஜீவாமிர்தம் என்ற கரைசல் உரத்துக்கு வெல்லமும் கடலை மாவும் 900. இதுவரை பரவாயில்லை. களைதான் ஆளை அடித்துவிட்டது. கோரையும் குதிரைவாலிப் புல்லும் நெல்லோடு போட்டி போட்டு வளர்ந்தன. முதல் களைக்கு 12 ஆள், இரண்டாம் களைக்கு 9 ஆள், தலைக்கு 350 வீதம் 7,350. மொத்தம் 13,450. நானும் வீட்டுக்காரியும் வயலில் நின்ற நாட்களுக்கு இதில் கூலி எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும்.

சித்தப்பாவுக்கு 24 குவிண்டால் கண்டது. எனக்கு 18. அந்தப் பருவத்தில் கொள்முதல் நிலையத்தில் பொதுரகம் குவிண்டால் 2,405 ரூபாயாக இருந்தது. எப்படி விளைந்த நெல் என்று அங்கே தனி விலை கிடையாது. 6 குவிண்டால் குறைந்ததில் 14,430, செலவில் கூடியது 4,767. சித்தப்பாவைவிட 19,197 ரூபாய் பின்தங்கி நின்றேன்.

இந்த ஒப்பீட்டில் ஒரு அநியாயமும் இருக்கிறது. 45 கிலோ யூரியா 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைக்கிறதென்றால் மீதியை அரசு கட்டுகிறது. களை பறிக்கிற பெண்களின் கூலியை முழுக்க நான் கட்டுகிறேன். ஆனால் அந்த 7,350 ரூபாயும் எங்கள் ஊர் அடுப்படிகளுக்குத்தான் போனது. எனக்கு அது பெரிய விஷயம்.

8 குவிண்டாலை நிலையத்தில் போட்டுவிட்டு, 10 குவிண்டாலைப் புழுக்கி அரைத்து 620 கிலோ இட்லி அரிசியாக்கினேன். கிலோ 70 என்று தெரிந்தவர்களுக்கு விற்றதில் 43,400. ஆவி, மில், சாக்கு, வண்டிக்கு 5,400 போக 38,000. நெல்லாகவே போட்டிருந்தால் 24,050தான் வந்திருக்கும், ஆக 13,950 கூடுதல். அப்படியும் 5,247 ரூபாய் பள்ளம் மிச்சம். கடைசிக் கிலோ விற்கப் புரட்டாசி ஆகிவிட்டது. அதுவரை நகைக்கடனுக்கு வட்டி ஓடியது.

இயற்கை விளைபொருள் என்று அங்ககச் சான்று வாங்கலாமே என்பார்கள். நெல் மாதிரி ஓராண்டுப் பயிருக்கு, விதைப்புக்கு முன் இரண்டு ஆண்டு மாறுதல் காலம் கழிய வேண்டும். விளைச்சல் விழுகிற ஆண்டுகளும் சான்று இல்லாத ஆண்டுகளும் ஒன்றாகவே வருகின்றன. சிறு விவசாயி விட்டுவிட்டு ஓடுவது இந்த இடத்தில்தான். மண்ணில் நம்பிக்கை இல்லாமல் யாரும் ஓடுவதில்லை. அந்த இரண்டு வருடத்துக்குக் கைக்காசு ஆகட்டும், வட்டியில்லாக் கடன் ஆகட்டும், யாராவது தாங்கிப் பிடித்தால் எங்கள் கால்வாய்ப் பாசனத்தில் இன்னும் பத்துப் பேராவது மாறுவார்கள்.

போன பிசானத்தில் எனக்கு 20 குவிண்டால் கண்டது, களைக்கு 16 ஆள்தான். மெதுவாகத்தான் ஏறுகிறது.

இப்போதைய கவலை தண்ணீர். எங்களுக்கு வயலுக்கு வயல் பாய்ச்சல். சித்தப்பா வயலில் யூரியா கரைந்த தண்ணீர் அவர் வாமடை (வரப்பில் தண்ணீர் விடும் திறப்பு) வழியாக என் வயலுக்குள் வருகிறது. தயங்கித் தயங்கி அவரிடம் சொன்னேன். “யூரியா போடாம பயிரு எப்படிலே பச்ச புடிக்கும்” என்று முதல் வருடம் கேட்டவர், கொஞ்ச நேரம் வரப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். “வடக்க ஓரமா ரெண்டடி விட்டுத் தாரேன், தனியா வாய்க்கா வெட்டிக்கிடு” என்றார். இந்த மாசம் வெட்டுகிறேன். அதற்கு 4 ஆள் கூலி நோட்டில் ஏறும்.