குழாயில் கிடந்த தண்ணீர்

பொங்கலுக்குப் பூட்டிப்போன வீட்டைத் திறந்து, இன்று காலை சமையலறைக் குழாயைத் திருகியதும் முதலில் காற்று சீறியது. பிறகு எவர்சில்வர் டம்ளரில் விழுந்த தண்ணீர் லேசாகப் பழுப்பேறி, இரும்பு வாடை அடித்தது.

அரை அங்குல ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயில் 10 மீட்டருக்குச் சுமார் 2 லிட்டர்தான் நிற்கும்.

அந்த 2 லிட்டர் நகராமல் கிடக்கும் நேரமெல்லாம் அதிலுள்ள குளோரின் குறைந்துகொண்டே போகிறது, குழாயின் துருவும் பித்தளை இணைப்புகளில் கலந்திருக்கும் ஈயமும் சிறிது சிறிதாகத் தண்ணீரில் இறங்குகின்றன. அமெரிக்காவில் வீட்டுக் குழாய்நீரில் ஈயத்தைச் சோதிக்க, குறைந்தது 6 மணி நேரம் யாரும் திறக்காத குழாயிலிருந்து வரும் முதல் 1 லிட்டரைப் பிடிக்கச் சொல்வது இதனால்தான்.

நம் வீடுகளில் குழாயைவிட மொட்டைமாடித் தொட்டியில்தான் தண்ணீர் அதிக நாள் தங்குகிறது. நாளொன்றுக்கு 200 லிட்டர் செலவழிக்கும் இரண்டு முதியவர்களுக்கு 1,000 லிட்டர் தொட்டி என்றால், குழாய்க்கு வருவது ஏறத்தாழ ஐந்து நாள் பழைய தண்ணீர். பெரிய தொட்டியைப் பெருமையாக நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டதாகத் தெரியவில்லை.

விருந்தினர் குளியலறை ஷவர் இன்னும் மோசம். 25 முதல் 45 டிகிரி வரையிலான வெதுவெதுப்பில் நிற்கும் நீரில், நிமோனியா போன்ற நுரையீரல் நோயைத் தரும் லெஜியோனெல்லா பாக்டீரியா பெருகும். நம் வெயிலில் அந்தச் சூடு தானாகவே கிடைத்துவிடுகிறது.

பழுப்புத் தண்ணீரை வாளியில் பிடித்துத் தரை துடைக்க வைத்துக்கொண்டேன். தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் ஊரில் அதைச் சாக்கடையில் விட மனம் வருமா?